யூத இனப்படுகொலை நினைவுநாளில் கிறிஸ்தவர்கள் ஏன் பங்கேற்கிறார்கள்?

இரக்கம் மட்டும் காரணமல்ல, பொறுப்பும் இருக்கிறது. இயேசுவைக் கொன்ற பழியை யூத இனம் முழுவதன் மீதும் சுமத்திய பிரசங்கங்கள் நூற்றாண்டுக் கணக்கில் தேவாலயங்களில் ஒலித்தன. அந்த வெறுப்பு விளைந்த மண்ணில்தான் நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். கத்தோலிக்கத் திருச்சபை அந்தக் கூட்டுப்பழியை அதிகாரபூர்வமாக மறுத்தது 1965இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில்தான். எவ்வளவு தாமதம்!

எதிர்த்து நின்றவர்களும் உண்டு. பெர்லின் புனித ஹெட்விக் பேராலயத்தின் குரு பெர்ன்ஹார்ட் லிஷ்டன்பெர்க், 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்கள் மீது நாஜிகள் நடத்திய வன்முறைக்குப் பிறகு யூதர்களுக்காக வெளிப்படையாக ஜெபித்தார். 1941இல் கைதானார், 1943இல் தாஹாவ் என்ற நாஜி வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லும் வழியில் இறந்தார். அவரைப் போன்றவர்கள் மிகச் சிலரே என்பதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

ஜெர்மன் புராட்டஸ்டண்டுகள் 1958இல் தொடங்கிய பரிகார சேவை இயக்கம், இன்றும் இளைஞர்களை இஸ்ரேல் உள்ளிட்ட நாடுகளுக்கு அனுப்புகிறது. உயிர்தப்பிய முதியவர்களுக்கு அவர்கள் பணிவிடை செய்கிறார்கள்.