எக்ஸ்போர்ட் நடுவே திரை கட்டம் கட்டமாகிறது: கிராபிக்ஸ் கார்டைச் சரிசெய்வதா, மாற்றுவதா?

குளச்சலில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்:

"அண்ணா, கல்யாண ஆல்பமும் வீடியோவும் செய்கிற கம்ப்யூட்டர். ஐ5 10400எஃப் பிராசசர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ். வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. ஒரு மாதமாக, வீடியோ எடிட் செய்கிற பிரீமியரில் எக்ஸ்போர்ட் போட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரையில் சிவப்பும் பச்சையுமாகக் கட்டங்கள் வருகின்றன. அப்புறம் திரை கறுத்து, கார்டு ஃபேன் பெரிய சத்தத்தோடு சுற்றுகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். மழை நாட்களில் காலையில் சில சமயம் டிஸ்பிளேயே வராது, இரண்டு மூன்று தடவை ஆன் செய்ய வேண்டும். கடையில் காட்டினேன். சிப் போய்விட்டது, சிப்பைக் கழற்றித் திரும்ப ஒட்டும் ரீபாலிங் செய்ய 4,500 ரூபாய், கியாரண்டி கிடையாது என்கிறார்கள். நண்பன் ஒருவன் கார்டை ஓவனில் வைத்துச் சூடாக்கினால் சரியாகும் என்கிறான். தை பிறந்தால் சீசன் தொடங்கிவிடும். என்ன செய்யட்டும்?"

தம்பி, இரண்டு பேர் சொன்னதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. குளிர்ந்த கார்டு ஒழுங்காக வேலை செய்கிறது, பதினைந்து நிமிடம் பளு ஏறியபின் விழுகிறது. சிப்போ மெமரியோ முழுதாகப் போயிருந்தால், கம்ப்யூட்டரை ஆன் செய்து கம்பெனி லோகோ வரும்போதே கட்டங்களும் கோடுகளும் தெரிந்திருக்கும். அதனால் முதல் சந்தேகம் சூட்டின் மேல். அடுத்தது கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் மேல். காலையில் டிஸ்பிளே வராதது தனி விஷயம், அது உப்பு. குளச்சல் என்று பார்த்ததுமே எனக்கு அதுதான் முதலில் தோன்றியது.

காசு செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குவோம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதில் பவர் லிமிட்டை, அதாவது கார்டு இழுக்கும் கரண்டின் வரம்பை, 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். எப்போதும் விழுகிற அதே வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கொஞ்சம் மெதுவாக ஓடி, கடைசி வரை முடிந்துவிட்டால் சிப் உயிரோடுதான் இருக்கிறது என்று நம்பலாம். பளு குறைந்ததும் தாங்குகிறது என்றால் குறை சூட்டிலோ கரண்டிலோ இருக்கிறது. அவசர ஆர்டர் இருந்தால் இதே அமைப்பில் வைத்துச் சில நாள் வேலையை ஓட்டவும் செய்யலாம்.

எக்ஸ்போர்ட் ஓடும்போதே எச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளில் கார்டின் சூட்டைப் பாருங்கள். ஜிபியு டெம்பரேச்சர் என்று ஒன்று, ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்) என்று ஒன்று காட்டும். இரண்டுக்கும் 10, 15 டிகிரி வித்தியாசம் சகஜம். 25 டிகிரிக்கு மேல் விலகி நின்றால் உள்ளே, சிப்பின் சூட்டை மேலே உள்ள உலோகத் தகடுகளுக்கு (ஹீட்சிங்க்) கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருக்கிறது என்று அர்த்தம். ஐந்து வருடக் கார்டில் அது ஆச்சரியமே இல்லை. ஃபேன்கள் சுற்றுகின்றனவா என்றும் பாருங்கள். சும்மா இருக்கும்போது ஃபேன் நிற்பது பல மாடல்களில் இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பளு ஏறியும் ஒரு ஃபேன் நின்றுகொண்டே இருந்தால்தான் பழுது. ஃபேன் மட்டும் தனியாகக் கிடைக்கும். அதன் பின்பக்கம் உள்ள மாடல் எண்ணும் பிளக்கில் எத்தனை பின் என்பதும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

திரை கறுத்ததும் ஃபேன் சத்தமாகச் சுற்றுவதைப் பார்த்துத்தான் பலர் சிப் வெந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கார்டு நின்றுபோய், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரின் கட்டுப்பாடு அறுந்துவிட்டால் ஃபேன் தன் போக்கில் முழு வேகத்துக்குப் போவது வழக்கம். எஸ்எம்பிஎஸ் ஒரு நொடி தடுமாறினாலும் இதே காட்சிதான் வரும். 1660 சூப்பர் 125 வாட் வரை இழுக்கிற கார்டு. மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் வழியாக 75 வாட்டுக்கு மேல் தர முடியாது, மீதி 8 பின் கேபிள் வழியாகத்தான் வர வேண்டும். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் இதற்குத் தாராளம். ஆனால் ஐந்து வருடம் கடலோரத்தில் ஓடிய, கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கொடுத்த மலிவு எஸ்எம்பிஎஸ் என்றால் அதை நான் நம்ப மாட்டேன். எக்ஸ்போர்ட் ஓடும்போது 12 வோல்ட் லைனை மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 11.4-க்குக் கீழே இறங்கினால் அது வரம்புக்கு வெளியே. அதைவிட எளிய வழி, நண்பர் ஒருவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கி ஒரு நாள் மாட்டிப் பார்ப்பது. உங்கள் கார்டை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டும் பாருங்கள். அங்கேயும் அதே பதினைந்தாம் நிமிடத்தில் விழுந்தால்தான் குற்றம் கார்டின் மேல் உறுதியாகும்.

ஒன்று மறந்துவிடாதீர்கள். உங்கள் பிராசசர் பெயரின் கடைசியில் எஃப் இருக்கிறது. அந்த வகையில் பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டில் மானிட்டரைச் செருகினால் ஒன்றும் தெரியாது. மதர்போர்டும் போச்சு என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இனி உப்புக்கு வருகிறேன். கடற்காற்றில் வருகிற உப்புத்துகள் தூசியோடு சேர்ந்து கார்டின் மேல் மெல்லிய படலமாக உட்காரும். காய்ந்திருக்கும் வரை அது பெரிய கெடுதல் செய்யாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது சாப்பாட்டு உப்பே காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசிய உப்புகள் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆக வருடத்தில் பாதி நாள் அந்தப் படலம் ஈரமாகத்தான் இருக்கும். இரவில் கம்ப்யூட்டர் அணைந்து குளிர்ந்து கிடக்கும்போது கார்டின் தங்கநிறப் பற்களிலும், சிப்பைச் சுற்றியுள்ள பொடிப் பாகங்களிலும் அந்த உப்புநீர் கரண்டைக் கசிய விடுகிறது. காலையில் டிஸ்பிளே வராமல், இரண்டு மூன்று தடவை போட்டுச் சூடேறியபின் வருவது அதனால்தான் என்று நினைக்கிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபின் என் மேசைக்கு வந்த கம்ப்யூட்டர்களில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தவற்றைவிட மூடிக் கிடந்தவைதான் அதிகம் கெட்டிருந்தன.

கார்டைக் கழற்றி வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். செம்பு தெரியும் இடங்களில் பச்சைக் களிம்பு, அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பூப்பு, பின்பக்கத் தகட்டில் துரு, இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் கழுவித்தான் ஆக வேண்டும். இங்கேதான் நல்ல டெக்னீஷியன்களும் ஒரு தவறு செய்கிறார்கள். ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தை மட்டும் போட்டுத் துடைத்துவிடுகிறார்கள். ஐபிஏ எண்ணெய்ப் பிசுக்கையும், சால்டர் வைக்கும்போது படியும் ஃபிளக்ஸையும் எடுக்கும், உப்பை அவ்வளவாகக் கரைக்காது. உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும். ஹீட்சிங்க், ஃபேன் எல்லாம் கழற்றிய வெறும் போர்டை, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, அதன்பின் 99 சதவீத ஐபிஏ ஊற்றி அந்தத் தண்ணீரைத் துரத்தி, நிழலில் ஃபேன் காற்றில் ஒரு முழு நாள் காயவிட வேண்டும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேட்கும்போது கவனம், பக்கத்திலேயே ஆசிட் கேனும் இருக்கும். ஸ்லாட்டில் செருகும் பற்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து ஐபிஏவால் துடைத்தால் போதும், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

பிரித்த கையோடு தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடலாம். மெமரி சிப்கள் மேல் ஒட்டியிருக்கும் தெர்மல் பேடு விஷயத்தில்தான் நிறைய கார்டுகள் சாகின்றன. அதன் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 1 மில்லிமீட்டர் பேடு இருந்த இடத்தில் 2 மில்லிமீட்டர் வைத்தால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு நின்று, நடுவில் உள்ள முக்கிய சிப்பைத் தொடாமல் போய்விடும். பிரிப்பதற்கு முன் போட்டோ எடுங்கள், பழைய பேடை அளந்து எழுதி வையுங்கள். ஸ்குரூக்களை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கை நடுங்குகிறது என்றால் தெரிந்தவரிடம் கொடுத்து, எதிரிலேயே உட்கார்ந்து பாருங்கள். வாரண்டி பாக்கி இருக்கும் கார்டு என்றால் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடக் கூடாது, நேரே கம்பெனிக்குத்தான். உங்கள் கார்டுக்கு அந்தக் காலம் முடிந்திருக்கும்.

சரி, ரீபாலிங். கார்டில் இருக்கும் சிப்புக்கு இரண்டு அடுக்கு இணைப்பு உண்டு. சிப்பின் அடித்தட்டுக்கும் போர்டுக்கும் நடுவே சால்டர் உருண்டைகள், அது வெளி அடுக்கு. அந்த அடித்தட்டுக்கும் மேலே உள்ள சிலிக்கன் துண்டுக்கும் நடுவே கண்ணுக்கே தெரியாத பொடிப் புள்ளிகள், அது உள் அடுக்கு. ரீபாலிங் மாற்றுவது வெளி அடுக்கை மட்டும். சிப் சூட்டில் விரிந்து குளிர்ந்து சுருங்கிப் பழுதாகும்போது பெரும்பாலும் விரிசல் விடுவது உள் அடுக்கு. 2008 ஜூலையில் என்விடியா தன் பழைய லேப்டாப் சிப்களில் இந்த வகைப் பழுதுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டி வந்ததே, அப்போதே இது உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. சூடு காட்டினால் உள் அடுக்கின் விரிசல் கொஞ்ச நாள் ஒட்டிக்கொள்ளும். அதைத்தான் சரியாகிவிட்டது என்று நம்புகிறோம். சில வாரத்தில், அதுவும் முகூர்த்த நாள் பார்த்தது போல, திரும்ப விழும். ஓவனும் இதே தற்காலிக வேலையைத்தான் செய்யும், கூடவே கெபாசிட்டர் வெடிக்கும், பிளாஸ்டிக் உருகும், அந்தப் புகை சாப்பாடு சமைக்கும் அடுப்பில் தங்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இதனால் கார்டு சர்வீஸே வீண் என்று சொல்லவில்லை. ஃபியூஸ், மாஸ்ஃபெட், கெபாசிட்டர் போன்ற பாகம் ஷார்ட் ஆகியிருந்தால் மாற்றலாம், அந்த வேலை வருடக்கணக்கில் நிற்கும். உங்கள் கார்டில் ஆறு மெமரி சிப்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று போயிருந்தால், எது என்று சோதித்துக் கண்டுபிடித்து மாற்றத் தெரிந்தவரிடம் கொடுப்பதும் நியாயமான செலவு. கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: "எந்தச் சிப், எந்த டெஸ்ட்டில் தெரிந்தது, மாற்றிய பழைய பாகத்தைத் தருவீர்களா, ஒரு மாதமாவது எழுத்தில் கியாரண்டி உண்டா?" வேலை தெரிந்தவருக்கு இந்தக் கேள்விகள் கோபம் மூட்டாது. பொத்தாம் பொதுவாக சிப் போச்சு என்பவரிடம், கியாரண்டியும் இல்லாமல், 4,500 ரூபாய் கொடுக்காதீர்கள். கொடுப்பதற்கு முன் கார்டின் சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

எல்லாம் செய்தும் கார்டுதான் குற்றவாளி என்று தெரிந்தால் மாற்றிவிடுங்கள். என் கணக்கு இது: பழுதுபார்க்கும் கூலி, ஓடுகிற அதே மாதிரி செகண்ட் ஹேண்ட் கார்டின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பழுதுபார்க்கக் கூடாது. புதிதாக வாங்கினால் உங்கள் வேலைக்கு ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, போதும். அது 170 வாட் இழுக்கும், அதனால் எஸ்எம்பிஎஸ்ஸும் 550 வாட் நல்ல கம்பெனியாக மாற்ற வேண்டியிருக்கும். கேபினட்டுக்குள் கார்டின் நீளம் அடங்குமா என்று டேப் வைத்து அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள். செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மலிவாகக் கிடைக்கும், பல மாடல்களுக்குத் தனிக் கேபிளும் வேண்டாம். ஆனால் 4 ஜிபி மெமரி கல்யாண வீடியோவுக்குத் திணறும், அந்தத் தலைமுறைக்கு என்விடியா புது டிரைவர் மேம்பாட்டையும் நிறுத்திவிட்டது. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்கான மைனிங் நின்றபின் இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன, அவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் பளுவில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கத் தகட்டில் துரு இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம், அது நம் கடற்கரையிலேயே வளர்ந்த கார்டு.

புதுக் கார்டு மாட்டுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். கடலோர மண்ணில் எர்த் குழாய் சீக்கிரம் துருப்பிடித்து அறுந்துவிடும், மேலே பிளக் பாயிண்ட் அழகாக இருக்கும். எலக்ட்ரீஷியனிடம் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்றால் அதன் பின்பக்க ஸ்விட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கட்டும். கேபினட்டைக் கடல் பக்க ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். வேலை இல்லாத நாளிலும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். ஏசி அறையாக இருந்தால், ஏசியை அணைத்த கையோடு ஜன்னலைத் திறக்காதீர்கள், குளிர்ந்த உலோகத்தில் நீர் முத்துப் பூத்துவிடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பவர் லிமிட் சோதனையைச் செய்துவிட்டு, ஹாட்ஸ்பாட் எண்ணையும் காலையில் எடுத்த கார்டின் போட்டோவையும் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.