இரும்பு மாத்திரைக்குப் பதில் லோஹாசவம் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காலையில் எழும்போதே அசதியாக இருக்கிறது, முடியும் கொட்டுகிறது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.8 என்று வந்தது. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டியது, மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டது. பாதியில் நிறுத்திவிட்டேன். உறவினர் ஒருவர் லோஹாசவமும் அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணமும் சாப்பிடச் சொல்கிறார். மூலிகை என்பதால் பக்கவிளைவே இல்லை என்கிறார். மாத்திரையை விட்டுவிட்டு இதற்கு மாறலாமா? தைராய்டு குறைவுக்குத் தினமும் மாத்திரை எடுக்கிறேன். மாதவிலக்கு ஏழெட்டு நாள் அதிகமாகவே போகும்.

பதில்: உங்கள் கடிதத்தில் கடைசியாக எழுதியிருக்கும் வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. உங்களுக்கு 8.8 என்பது ஓரிரு வாரத்தில் வந்த குறைவாக இருக்க வாய்ப்பில்லை. மாதாமாதம் போகும் இரத்தம்தான் இதற்குக் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லி இரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு மாதவிலக்கில் 80 மில்லிக்கு மேல் போனால் அதை அதிக உதிரப்போக்கு என்கிறோம். அதாவது 40 மில்லிகிராம் இரும்பு ஒரே வாரத்தில் வெளியேறுகிறது. சாதாரண உணவிலிருந்து குடல் ஒரு நாளில் உறிஞ்சுவது ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம்தான். அதிலும் சுமார் ஒரு மில்லிகிராம் அன்றாடத் தேய்மானத்துக்கே போய்விடும். இப்படிப் பல வருடம் போனால் உடம்பின் கையிருப்பு தீர்ந்துபோகும். எனவே எந்த மருந்தை எடுத்தாலும், உதிரப்போக்கைக் கவனிக்காமல் விட்டால் சில மாதத்தில் இதே இடத்துக்குத் திரும்பி வருவீர்கள். மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, கருப்பையில் நார்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். கூடவே தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். தைராய்டு கட்டுக்குள் இல்லாவிட்டாலும் மாதவிலக்கு அதிகமாகும், அசதியும் முடி உதிர்வும் வரும். அப்போது எல்லாப் பழியையும் இரத்தத்தின் மேல் போட்டுக்கொண்டிருப்போம்.

ஃபெரிட்டின் பரிசோதனை செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இரும்பின் கையிருப்பைக் காட்டுவது அதுதான். அது குறைவாக இருந்தால் இரும்புக் குறைவு உறுதி. அது சரியாக இருந்து, சிவப்பணுக்கள் மட்டும் மிகச் சிறியதாக இருந்தால் பரம்பரையாக வரும் இரத்தக் கோளாறான தலசீமியாவைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு இரும்பு கொடுப்பதால் பலனில்லை, தொடர்ந்து கொடுத்தால் கெடுதல். வைட்டமின் பி12 குறைவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இப்போது ஆயுர்வேதத்துக்கு வருகிறேன். அதை ஒதுக்கிப் பேச எனக்கு மனமில்லை. பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில், இரத்தசோகையை ஒத்த பாண்டு ரோகத்துக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. வெளிறிய தோல், களைப்பு, படபடப்பு என்று நாம் இன்று பார்க்கும் அறிகுறிகள் அதில் வருகின்றன. அந்த மரபில் பாண்டுவுக்குச் சொல்லப்பட்ட முக்கிய மருந்துகளைப் பாருங்கள்: நவாயச சூரணம், புனர்நவ மண்டூரம், லோஹாசவம். மூன்றிலும் இரும்பு இருக்கிறது. நவாயசத்தில் திரிகடுகு, திரிபலா உள்ளிட்ட ஒன்பது சரக்குகளோடு, அவை எல்லாம் சேர்ந்த அளவுக்கு இரும்புப் பொடி சேரும். புனர்நவ மண்டூரத்தில் மூக்கிரட்டையோடு இரும்புக் கசடிலிருந்து செய்த பஸ்பம் இருக்கிறது. இரத்தசோகைக்கு வெறும் மூலிகை போதாது என்பது அந்த வைத்தியர்களுக்கே தெரிந்திருந்தது. ஆக, உங்கள் உறவினர் சொல்லும் லோஹாசவமும் ஒரு இரும்பு மருந்துதான். அதைக் குடித்தால் இரும்பைத் தவிர்த்ததாக ஆகாது.

அப்படியானால் அதையே குடிக்கலாமே என்று கேட்பீர்கள். சிக்கல் அளவில் இருக்கிறது. நீங்கள் நிறுத்திய மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் இரும்பு என்று அட்டையிலேயே இருக்கும், அது குடலில் எளிதில் கரையும் உப்பாகவும் இருக்கும். பஸ்பங்களில் உள்ள இரும்பு பெரும்பாலும் ஆக்சைடு வடிவம். அது அவ்வளவு எளிதாக உறிஞ்சப்படாது, தயாரிப்புக்குத் தயாரிப்பு அளவும் மாறும். சிறிய ஆய்வுகள் சிலவற்றில் இம்மருந்துகளால் ஹீமோகுளோபின் ஏறியதாகப் பதிவுகள் உண்டு. ஆனால் 8.8-ல் நிற்கும் ஒருவருக்கு அதை மட்டும் நம்பிக் கொடுக்க நான் துணியமாட்டேன். இன்னொன்று, ஆசவம், அரிஷ்டம் எல்லாம் புளிக்க வைத்துச் செய்பவை. அவற்றில் இயற்கையாகவே ஆல்கஹால் இருக்கும். கர்ப்பிணிகளும் ஈரல் நோய் உள்ளவர்களும் தாமாக வாங்கிக் குடிக்கக் கூடாது.

"பக்கவிளைவே இல்லை" என்ற பேச்சுதான் எனக்குப் பெரிய கவலை. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. ஈயம் ஹீமோகுளோபின் உருவாவதையே தடுக்கும். இரத்தம் ஊற வேண்டும் என்று சாப்பிட்ட மருந்தே இரத்தசோகையைக் கூட்டினால் எவ்வளவு கொடுமை! லேபிளில் உற்பத்தி உரிம எண்ணும் சேர்மானமும் இல்லாத பொட்டலங்களைத் தொடவே தொடாதீர்கள். பஸ்பம், செந்தூரம் எதுவானாலும் பட்டம் பெற்ற ஆயுர்வேத மருத்துவர் நேரில் பார்த்துக் கொடுத்தால் மட்டுமே எடுங்கள், உங்கள் டாக்டரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

அமுக்கரா உங்களுக்கு வேண்டாம். அது தைராய்டு ஹார்மோனை உயர்த்தக்கூடியது, நீங்களோ ஏற்கெனவே அதற்கு மாத்திரை எடுக்கிறீர்கள். சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. உங்கள் அசதிக்குக் காரணம் இரத்தக் குறைவு என்றால், அதைச் சரிசெய்யாமல் தெம்புக்கு மருந்து தேடிப் பயனில்லை.

நெல்லிக்காய் தாராளமாகச் சாப்பிடலாம். அதன் வைட்டமின் சி, கீரை, பருப்பில் உள்ள இரும்பைக் குடல் உறிஞ்ச உதவும். முருங்கைக்கீரை, கரிசலாங்கண்ணி எல்லாம் உணவாக நல்லவை, மருந்தின் வேலையை அவை செய்யாது. கடுக்காய் போன்ற துவர்ப்புச் சரக்குகளையும் டீ, காபியையும் இரும்பு எடுக்கும் நேரத்தில் தவிருங்கள். அவற்றில் உள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சரி, வயிற்றைப் புரட்டும் மாத்திரையை என்ன செய்வது? உங்களைப் போல நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மாத்திரை என்று மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு வேளை இரும்பு எடுத்ததும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, சுமார் ஒரு நாளுக்கு அடுத்த வேளையின் உறிஞ்சுதலைக் குறைக்கிறது. அதனால் இடைவெளி விட்டால் உடம்பும் நன்றாக உறிஞ்சும், வயிறும் பிழைக்கும். வெறும் வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் உணவுக்குப் பிறகு எடுங்கள். உறிஞ்சுவது கொஞ்சம் குறையும், ஆனால் நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரை சரியாக வேலை செய்யாது. எந்த மாத்திரையும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம். உதிரப்போக்கு அதிகம் உள்ளவர்களுக்கு அது பல சமயம் நல்ல வழி.

நாலு வாரம் கழித்து ஹீமோகுளோபின் பாருங்கள். மருந்து பிடித்திருந்தால் ஒரு கிராமாவது ஏறியிருக்கும். ஏறவில்லை என்றால் காரணத்தை மறுபடி தேட வேண்டும். 12-ஐத் தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள், கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

இதற்கிடையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்ற அளவில் உதிரம் போனாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.