ரியால்டோ பாலமும் கூட்டமும்

வணக்கம் சார்,

போன மாதம் நானும் மனைவியும் வெனிஸ் போயிருந்தோம். ரியால்டோ பாலத்தைப் பார்க்க ரொம்ப ஆசையாகப் போனால், நடுமதியம், கைப்பிடிச் சுவர் ஓரம் நிற்கக்கூட இடமில்லை. எங்கே திரும்பினாலும் கடை, செல்ஃபி. பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டோம். அந்தப் பாலத்தில் அப்படி என்ன இருக்கிறது?

க., திருச்சி

அன்புள்ள க.,

அவ்வளவு தூரம் போய் இப்படித் திரும்பினால் வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் கடையையும் கூட்டத்தையும் கழித்துவிட்டால் அது ரியால்டோ பாலமே இல்லை. பழைய வெனிஸின் சந்தை அங்கேதான் இருந்தது, நம் மலபார் மிளகு அலெக்சாண்ட்ரியா வழியாக அங்கே போய்த்தான் கைமாறியது. 1854 வரை, ஊரின் நடுவே ஓடும் பெரிய நீர்வழியான கிராண்ட் கால்வாயை நடந்து கடக்க அந்த ஒரு பாலம்தான்.

முன்பு இருந்தது மரப்பாலம். 1444-ல் ஃபெராரா பிரபுவின் திருமணப் படகு ஊர்வலத்தைப் பார்க்க ஊரே மேலே ஏறிவிட, பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. 1524-ல் மறுபடியும் விழுந்தது. அப்புறமும் கல்லில் கட்டுவதா, எப்படிக் கட்டுவது என்று பல வருடம் பேசிக்கொண்டே இருந்தார்கள். பல்லாடியோ மாதிரி பெரிய கட்டடக் கலைஞர்கள் எல்லாம் வரைபடம் போட்டிருக்கிறார்கள். கடைசியில் வேலை அந்தோனியோ தா போன்தே என்பவருக்குப் போனது. இத்தாலிய மொழியில் போன்தே என்றாலே பாலம்தான்!

1588-ல் தொடங்கி 1591-ல் முடித்தார். தண்ணீரில் ஒரு தூண்கூட இல்லாமல் சுமார் 28 மீட்டருக்கு ஒரே வளைவு, அடியில் படகு தாராளமாகப் போகலாம். எனக்கு அவர் மேல் மதிப்பு வருவது இதில்தான், ஏனென்றால் ஒற்றை வளைவு இரண்டு கரையையும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும், அங்கே கரையோ வெறும் சேறு. அதனால் கரைக்கு ஆறாயிரம் என்று சுமார் 12,000 மரக்கட்டைகளை அடித்து இறக்கி, அதன்மேல் அடித்தளக் கல்லைச் சாய்வாக அடுக்கி அந்தத் தள்ளலை வாங்க வைத்தார். காற்றுப் படாத சேற்றில் மரம் அவ்வளவு சீக்கிரம் மக்காது. இன்றும் நீங்கள், நான், அந்த செல்ஃபிக் கூட்டம் எல்லாரும் நிற்பது அந்தக் கட்டைகளின் மேல்தான்.

அடுத்த முறை காலை ஏழு மணிக்குப் போங்கள். சாமான் படகுகள் வந்து இறக்கிக்கொண்டிருக்கும். கடைகளுக்கு நடுவே போகும் படியை விட்டுவிட்டு ஓரப் படியில் ஏறுங்கள், கால்வாய் அங்கிருந்துதான் தெரியும். பக்கத்திலேயே மீன் சந்தை, ஞாயிறும் திங்களும் மட்டும் இருக்காது. அப்புறம் கட்டாயம் ஒன்றாம் நம்பர் பயணிகள் படகில் பாலத்துக்கு அடியில் ஒருமுறை போய்வாருங்கள். மேலே நிற்பவருக்குத் தெரியாத ஒன்று தண்ணீரிலிருந்து தெரியும். வளைவின் ஒரு முனையில் கபிரியேல் தூதர், மறுமுனையில் மரியாள், நடு உச்சிக் கல்லில் புறா. இயேசு பிறப்பார் என்று கபிரியேல் மரியாளிடம் வந்து சொன்னதைக் கொண்டாடும் மங்கள வார்த்தைத் திருநாளான மார்ச் 25-ல்தான் தங்கள் ஊர் பிறந்தது என்பது வெனிஸ்காரர்களின் நம்பிக்கை. தூதர் கொண்டுவந்த செய்தி கால்வாயைத் தாண்டித்தான் மரியாளிடம் போகிறது.