தறப்பாள் ஒழுகவில்லை, வியர்க்கிறது

மார்கழி, தை மாதங்களில் வயற்காவலுக்குப் போய் மரங்களுக்கிடையே ஏணை கட்டிப் படுக்கும்போது, மழை பெய்யாத இரவிலும் மேலே கட்டிய தறப்பாளின் உட்புறத்திலிருந்து நீர் சொட்டிப் போர்வை நனைகிறது, புதுத் தறப்பாள் வாங்கியும் நிலைமை மாறவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஊர் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. குளத்தையும் வயலையும் காவலையும் பற்றி எழுதியிருப்பதால் வன்னிக்குள் இருப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். மலிவான தறப்பாளை வாங்கிவிட்டீர்கள் என்றோ, மடிக்கும்போது கிழித்துவிட்டீர்கள் என்றோ யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டு நொந்தவன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2010 ஆம் ஆண்டு மார்கழியில் நாங்கள் ஒட்டுசுட்டானுக்கு அருகே எங்கள் காணிக்குத் திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். விடியப்புறத்தில் கூரையிலிருந்து முகத்தில் துளி விழும். நிவாரணப் பொருட்களுக்குப் பதிவு எடுக்க வந்தவரிடம் அம்மா அதைச் சொன்னபோது, அவர் கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீங்கள்தான் ஆணி அடிச்சு ஓட்டையாக்கியிருப்பியள்" என்று சொல்லிவிட்டு அடுத்த காணிக்குப் போய்விட்டார். அந்தத் தறப்பாளில் ஓர் ஓட்டையும் இருக்கவில்லை. பனிக்குப் பயந்து நான்கு பக்கமும் மண் அணைத்து மூடிவிட்டு உள்ளே ஆறு பேர் படுத்திருந்தோம் என்பதே காரணம் என்று எனக்கு விளங்கப் பத்து ஆண்டுகள் சென்றன. அம்மாவுக்கும் காரணம் தெரியாது. ஆனாலும் பழைய நூல் சேலை ஒன்றைக் கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டினார். துளிகள் அதில் ஊறின. எங்கள் மேல் விழவில்லை.

2020 ஆம் ஆண்டு தை மாதத்தில், காலபோக நெல் முற்றி வந்த நேரம், பன்றிக் காவலுக்காக முத்தையன்கட்டுக் குளத்தின் கீழுள்ள வயலுக்குச் சென்றேன். வாய்க்கால் ஓரத்தில் இரண்டு மருத மரங்களுக்கிடையே நைலோன் ஏணையைக் கட்டி, புதுத் தறப்பாளை முகத்துக்கு மேலே ஒரு முழ உயரத்தில் இழுத்து, வாடைக்காற்று புகாதபடி இரு பக்கங்களையும் தரைவரை இறக்கி, தலைமாட்டையும் கால்மாட்டையும் உரப்பைகளால் மறைத்தேன். மிகுந்த கவனத்தோடு கட்டியதாகவே நினைத்தேன். இரவு மூன்று மணியளவில் குளிரில் விழித்தபோது, போர்வையின் மேற்பக்கம் பிழிந்தால் நீர் வரும் அளவுக்கு நனைந்திருந்தது. வெளியே வந்து பார்த்தால் வானத்தில் ஒரு முகில்கூட இல்லை.

கடைக்காரர் பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்ற கோபத்தோடு விடிந்ததும் தறப்பாளைச் சுருட்டினேன். மாமா தடுத்தார். "கொண்டுபோய்ச் சண்டை பிடிக்க முதல் தண்ணியை ஊத்திப் பாரடா" என்றார். அதைத் தொய்வாகக் கட்டி, குழிந்த இடத்தில் ஐந்து வாளி நீரை ஊற்றிவிட்டு, அரை மணி நேரம் கீழ்ப்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டும் கசியவில்லை. நீங்களும் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒழுக்கு என்றால் பொத்தலிலோ தையலிலோ ஓரிடத்தில்தான் நீர் வரும். உட்புறம் முழுவதும் வியர்த்ததுபோல் முத்து முத்தாக நின்றால் அது உங்கள் மூச்சிலும் தோலிலும் இருந்து எழுந்த நீராவியும் ஈரக்காற்றில் இருந்த நீராவியும் குளிர்ந்து படிந்ததுதான்.

30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும்; 20 பாகைக்கு இறங்கினால் 17 கிராம் அளவையே தாங்கும், மிகுதி நீராகிவிடும். மாரியில் வயலும் வாய்க்காலும் நிறைந்திருப்பதால் நமது காற்று மாலையிலேயே ஈரத்தால் நிரம்பியிருக்கிறது. அதோடு, முகில் இல்லாத இரவில் திறந்த வானத்தைப் பார்த்திருக்கும் தறப்பாள் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். மழை இரவைவிடத் தெளிந்த வானமுள்ள பனி இரவில் கூடுதலாகச் சொட்டுவதற்கு அதுவே காரணம்.

ஆகவே மூடுவதை விட்டுவிட்டுத் திறக்கவேண்டும். இப்போது நான் தறப்பாளின் முகட்டை ஏணைக்கு மேலே இரண்டு முழத்துக்குக் குறையாமல் உயர்த்தி, இரு முனைகளையும் திறந்துவிட்டு, காற்று வரும் வடகிழக்குப் பக்கத்தை மட்டும் சற்றுத் தாழ்த்தி, மறுபக்கத்தை உயர்த்திக் கட்டுகிறேன். உள்ளே குளிராதா என்றால் குளிரும். ஆனால் காய்ந்த போர்வைக்குள் படும் குளிரையும் நனைந்த போர்வைக்குள் படும் குளிரையும் இரண்டையும் அனுபவித்தவன் நான், முன்னையதை எத்தனை இரவும் தாங்கலாம். இடத்தையும் மாற்றினேன். வாய்க்கால் ஓரப் பள்ளத்தில் குளிர்ந்த காற்று வந்து தேங்கும் என்பதால் மேட்டில், அடர்ந்த மரக் கவிப்பின் கீழ் கட்டுகிறேன். இலைகள் வானத்தை மறைப்பதால் தறப்பாள் அவ்வளவு குளிர்வதில்லை. பட்ட கொப்பு உள்ள மரத்தையும் யானை வரும் தடத்தையும் தவிர்த்துவிடுங்கள். யானைக் காவலுக்குப் பரண்தான் வேண்டும், ஏணை கூடாது என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரணின் மேல் தறப்பாள் போட்டாலும் இதே வியர்வைதான்.

இருபது பாகையெல்லாம் ஒரு குளிரா என்று நுவரெலியாப் பக்கத்தவர்கள் கேட்கக்கூடும். தரையில் படுப்பவருக்குக் கேள்வி சரி. ஏணையில் படுத்தால் முதுகுக்குக் கீழே காற்று ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே விரித்த போர்வை உடற்பாரத்தில் நசுங்கி, சூட்டைத் தேக்கும் காற்றை இழந்துவிடும். ஆகவே தடித்த போர்வை ஒன்றை ஏணைக்கு வெளியே, அடிப்புறத்தைத் தொட்டும் தொடாமலும் தொங்கும்படி கட்டவேண்டும். அந்தப் போர்வை நனையக்கூடாது என்று அதன் கீழே பொலித்தீனைச் சுற்றாதீர்கள். நான் சுற்றினேன், உடலின் நீராவி பொலித்தீனில் படிந்து போர்வை உள்ளிருந்தே நனைந்தது. உடற்பயிற்சிக்கு விற்கும் நுரை விரிப்பைப் போடுபவர்கள் அதன்மேல் ஒரு நூல் சேலையை விரிக்கவேண்டும், ஏனென்றால் அந்த நுரை முதுகு வியர்வையை உள்ளே விடாது. தலையைப் போர்வைக்குள் இழுத்து மூச்சுவிடும் பழக்கத்தையும் கைவிடுங்கள். தலைக்குத் தனியாக ஒரு துவாயைச் சுற்றி, வாயையும் மூக்கையும் வெளியே விடுங்கள். நனைந்த சாரத்தையும் சேட்டையும் தறப்பாளுக்குள் தொங்கவிடக்கூடாது, உள்ளே தேநீர் கொதிக்கவைக்கவும் கூடாது.

இவை எல்லாம் செய்தும் காற்றே அசையாத இரவுகளில் கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். அந்த இரவுகளுக்காக அம்மாவின் முறையை இன்றும் வைத்திருக்கிறேன். தறப்பாளுக்குக் கீழே, ஆனால் அதைத் தொடாமல், ஒரு சாண் இடைவெளியில் நூல் சேலையைக் கட்டினால் துளி அதில் தங்கும். ஏணைக் கயிற்றில் மழைநீரும் பனிநீரும் வழிந்து வருவது வேறு வழி. அதற்குத் தறப்பாளின் நிழலுக்குள் கயிற்றில் ஒரு நூல் துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அதன் வழியே நிலத்தில் இறங்கிவிடும்.

காலையில் அவசரமாக மடிக்காதீர்கள். வெயில் மரங்களுக்கு மேலே ஏறும்வரை தறப்பாளைப் புறம் மாற்றிப் போட்டு வையுங்கள். சேலையை வேலியில் விரியுங்கள், பத்து மணிக்குள் காய்ந்துவிடும். ஈரத்தோடு புறப்படவேண்டி வந்தால் தறப்பாளை ஓர் உரப்பையிலும் போர்வையை இன்னோர் உரப்பையிலும் தனித்தனியாகக் கட்டுங்கள்.