என் ஆட்டோவின் பின் பிரேக் பேடை வீட்டிலேயே நானே மாற்ற முடியுமா?

முடியும். நான் திண்டுக்கல்லில் 11 வருடமாக ஆட்டோ ஓட்டுகிறேன். 6 வருடமாகப் பின் பிரேக் வேலையை வீட்டு வாசலில் நானேதான் பார்க்கிறேன்.

நீங்கள் 'பேட்' என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் ஓடும் பஜாஜ் ஆர்.ஈ. மாதிரி ஆட்டோக்களில் பின்னால் பேட் கிடையாது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வட்டமான இரும்புக் கூடுதான் டிரம். அதற்குள் பிறை வடிவத்தில் இரண்டு ஷூ இருக்கும், அதன் மேல் ஒட்டியிருக்கும், தேயும் பட்டைதான் லைனிங். கடையில் வண்டி மாடலைச் சொல்லி 'பின் ஷூ செட்' என்று கேளுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். முன்னால் ஒற்றைச் சக்கரம் இருக்கிற வண்டிக்கு அது ரொம்ப ஆபத்து.

அந்த இழுப்பை நானே அனுபவித்திருக்கிறேன். ஒரு பட்டறையில் புது ஷூ போட்டு 15 நாள்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி வரும்போது சிக்னலில் பிரேக்கை மிதித்தேன், வண்டி வலது பக்கம் இழுத்துக்கொண்டு போனது. யாருக்கும் அடி இல்லை. வீட்டுக்கு வந்து இடது டிரம்மைக் கழற்றினால் புது லைனிங் முழுக்க கிரீஸ். உள்ளே ஆயில் சீல், அதாவது கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம், கிழிந்திருந்தது, ஷூ மாற்றியவர் அதைப் பார்க்கவே இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: ஷூவை மாற்றுவது பாதி வேலை. பழைய ஷூ ஏன் அப்படி ஆனது என்று பார்ப்பதுதான் மீதி.

சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் கொடுங்கள். பின்சக்கரம் தரையில் இருக்கும்போதே அதன் நட்டுகளை இளக்கிவிடுங்கள். தூக்கிய பிறகு இளக்கினால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். தூக்கியதும் சேசிஸுக்கு அடியில் கனமான மரக்கட்டை வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். சக்கரத்தைக் கழற்றிவிட்டு டிரம்மை இழுக்கும் முன் கியரை நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் ஷூ கவ்விக்கொண்டு டிரம் வெளியே வராது. அப்படியும் வராவிட்டால் மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல் பட்டால் டிரம் விரிசல் விடும்.

உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றடித்தும் பறக்கவிடாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியை ஒரு பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

ஸ்பிரிங்கைக் கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டே மறுபக்கத்தைத் தொடுங்கள். குழப்பம் வந்தால் பிரிக்காத பக்கம் கைகொடுக்கும்.

பெடலை மிதித்தால் ஷூக்களை விரித்துத் தள்ளும் சின்ன உருளைதான் வீல் சிலிண்டர். இப்போது அதன் ரப்பர் மூடியை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் பிரேக் ஆயில் கசிகிறது என்று அர்த்தம். கிட் (சிலிண்டரின் ரப்பர் பாகங்கள்) மாற்றாமல் புது ஷூ போட்டால் அதுவும் நனைந்து வீணாகும். அந்த ரப்பரைப் பெட்ரோலில் கழுவும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், பெட்ரோல், டீசல், என்ஜின் ஆயில் எது பட்டாலும் அது உப்பிப்போகும். பிரேக் ஆயிலால் மட்டும் துடையுங்கள். டிரம் கழன்றிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே துள்ளிவிடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வண்டிக்குள் ஏறவிடாதீர்கள்.

டிரம்மின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். லேசான பளபளப்பு என்றால் உப்புத்தாள் போட்டால் போதும். நகம் சிக்குகிற மாதிரி கோடு விழுந்திருந்தால் லேத்துக்குக் கொண்டு போங்கள். புது ஷூவின் இரும்புப் பகுதி பின் தகட்டில் உரசும் இடங்களில் மட்டும் துளி கிரீஸ், லைனிங்கில் கைரேகைகூடப் படாமல் மாட்டுங்கள்.

தடிமனான புது ஷூவுக்கு இடம் கொடுக்கப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் ஊற்றும் மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் ஆயில் ஏறும். வழிந்தால் பெயின்டை அரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பூட்டிய பிறகு, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைச் சக்கரம் லேசாக உரசும்வரை இறுக்கி, உரசல் நிற்கும் அளவுக்குத் திரும்ப இளக்க வேண்டும். கால் பிரேக்கைச் சரிசெய்த பிறகுதான் கை பிரேக் கேபிள். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின்னைக் கழற்றியிருந்தால் அதையே மறுபடி போடாதீர்கள், புதுசு போடுங்கள்.

பெடல் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். என் மனைவி பெடலை நாலைந்து முறை மிதித்து 'பிடிச்சுட்டேன்' என்பாள், நான் வீல் சிலிண்டரில் காற்றை வெளியேற்ற இருக்கும் நிப்பிளைத் திறந்து, குமிழி வந்ததும் மூடிவிட்டு 'விடு' என்பேன். நான் மூடும் முன் அவள் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். நடுவில் டப்பாவில் ஆயில் குறையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆயிலின் வயதும் முக்கியம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தர வகையில் புது ஆயில் 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிதான். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் எவ்வளவு சுடும் என்று யோசித்துப் பாருங்கள். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. நான் 2 வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுகிறேன், மலை இறங்கும்போது கியரைக் குறைத்துக்கொள்கிறேன்.

வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். காலியான தெருவில், ஆள் ஏற்றாமல், மெதுவாக நாலு தடவை பிரேக் போட்டுப் பாருங்கள். இரண்டு டிரம்மையும் தொடாமல் கையை அருகில் கொண்டுபோனால் சூடு ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் ஷூ உரசிக்கொண்டே இருக்கிறது, அட்ஜஸ்டரை இன்னும் கொஞ்சம் இளக்குங்கள். சவாரி ஆரம்பித்து ஒரு வாரம் கழித்து நட்டுகளையும் அட்ஜஸ்ட்மென்டையும் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.