இணையதளம் கட்டும்போது எந்தெந்த பிரவுசர்களில் சோதிக்க வேண்டும்?

பிரவுசரின் பெயரைவிட உள்ளே ஓடும் எஞ்சின்தான், அதாவது பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் பகுதிதான் முக்கியம். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் குரோம், எட்ஜ், ஓபரா எல்லாவற்றிலும் ஓடுவது பிளிங்க் எஞ்சின். ஃபயர்பாக்ஸில் கெக்கோ, சஃபாரியில் வெப்கிட். ஆக, மூன்றையும் சோதித்தால் பெரும்பகுதி முடிந்தது.

கவனம் அதிகம் தேவைப்படுவது சஃபாரிக்கு. ஐஃபோனில் அது ஐஓஎஸ் அப்டேட்டோடுதான் புதுப்பிக்கப்படும். புது ஐஓஎஸ் ஏறாத பழைய ஃபோனில் பழைய வெப்கிட்டே தங்கிவிடும். சரி, குரோம் போட்டுக்கொள்ளச் சொல்லலாமா? பயனில்லை, ஐஃபோன் குரோமுக்குள்ளும் ஓடுவது வெப்கிட்தான்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கான ஆதரவை 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தயங்காமல் விடலாம்.

அப்புறம், எவ்வளவு பழைய பதிப்பு வரை என்பதை உங்கள் தளத்துக்கு வருபவர்களின் கணக்கை வைத்தே முடிவெடுங்கள். அரசுச் சேவை, மருத்துவமனைத் தளம் என்றால் ஜாவாஸ்கிரிப்ட் தடுமாறினாலும் படிவத்தை நிரப்பி அனுப்ப முடிய வேண்டும்.