வயர்லெஸ் கீபோர்டு நாமே செய்யலாமா? கேள்வி பதில்

அக்கா, கீபோர்டுக்குள் ஓடும் மென்பொருளுக்கு (ஃபர்ம்வேர்) எல்லாரும் க்யூஎம்கே என்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் இசட்எம்கே?

கேபிள் கீபோர்டு என்றால் க்யூஎம்கேதான் போட்டிருப்பேன். ஆனால் மூல நிரலைத் திறந்து காட்டச் சொல்லும் அதன் ஜிபிஎல் உரிமமும் பல புளூடூத் சிப்களின் மூடிய மென்பொருளும் ஒத்துப்போவதில்லை. இசட்எம்கே அப்படிக் கட்டாயப்படுத்தாத எம்ஐடி உரிமத்தில், தொடக்கத்திலிருந்தே வயர்லெஸ்ஸுக்காக எழுதப்பட்டது. நைஸ் நானோ போன்ற, என்ஆர்எஃப்52840 புளூடூத் சிப் உள்ள போர்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், போதும்.

60 சாவிக்கு அந்தக் குட்டி போர்டில் பின் (கம்பி சேர்க்கும் முனை) போதுமா?

போதும். 5 வரிசை, 12 பத்தி என்று பின்னினால் 17 பின்தான் ஆகும். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4148 டயோடு சாவிக்கு ஒன்று கட்டாயம். அது இல்லாவிட்டால் மூன்று சாவியைச் சேர்த்து அழுத்தும்போது, தொடாத நான்காவதும் விழும்.

மேடம், 60 டயோடையும் தலைகீழாக சால்டர் செய்துவிட்டேன்!

அறுபதும் ஒரே திசைதானே? அப்படியானால் அயர்னைத் தொடவே வேண்டாம். ஃபர்ம்வேரில் டயோடு திசை என்று ஒரு வரி இருக்கும், அதையும் அதற்கேற்பப் பின்களின் அமைப்பையும் மாற்றினால் சரி. பாதி அப்படி, பாதி இப்படி என்றால்தான் பாவம் நீங்கள்.

சாவிகளுக்கு ஆர்ஜிபி (பல வண்ண) விளக்கு போடலாமா?

போடாதீர்கள். இதற்குப் பயன்படும் டபிள்யூஎஸ்2812 விளக்கு அணைந்திருக்கும்போதே ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மில்லி ஆம்பியர் குடிக்கும். 60 விளக்கு என்றால் 60. அதாவது 2000 எம்ஏஎச் பேட்டரி, நீங்கள் ஒரு எழுத்துகூட அடிக்காமலே, ஒன்றரை நாளுக்குள் காலி. விளக்குக்குப் போகும் மின்சாரத்தை அடியோடு வெட்டும் வசதி நைஸ் நானோவில் உண்டுதான், ஆனால் எரியவிட்டால் செலவு இன்னும் கூடும். விளக்கே இல்லாவிட்டால் வாரக்கணக்கில் சார்ஜரை மறந்துவிடலாம். வயர்லெஸ் கீபோர்டு செய்வது பாதிக்குமேல் இந்தக் கஞ்சத்தனம்தான்.

பேட்டரி விஷயத்தில் எதைக் கவனிக்க?

சிவப்பு, கறுப்பு. பேட்டரியின் ஜேஎஸ்டி பிளக்கில் பிளஸ் எந்தப் பக்கம் என்பதற்குப் பொது விதி கிடையாது. பிளக் பொருந்துகிறதே என்று நம்பிச் செருகினேன். என் முதல் போர்டு லேசான புகையோடு போய்ச் சேர்ந்தது. இப்போது மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் செருகுவதில்லை. லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் குத்திப் பார்க்காதீர்கள், அதைக் கழித்துவிடுங்கள்.

கோர்ன் என்ற 42 சாவி குட்டி கீபோர்டு செய்ய ஆசை. அதில் தமிழ்99 முறையில் அடிக்க முடியுமா அக்கா?

முடியும், ஒரு சிக்கலோடு. எந்தச் சாவி என்பதை மட்டும்தான் கீபோர்டு சொல்லும். அதைத் தமிழாக்குவது கணினி. தமிழ்99-இல் ‘ச’வும் ‘ஞ’வும் சதுர அடைப்புக்குறிச் சாவிகளில் இருக்கின்றன. கோர்னில் அவற்றுக்கு இடமில்லை, இன்னொரு சாவியைப் பிடித்தால்தான் வரும் இரண்டாம் லேயருக்குப் போய்விடும். ‘ஞ’ பரவாயில்லை. ‘ச’ வரும்போதெல்லாம் கட்டைவிரலால் இன்னொரு சாவியையும் பிடிப்பதா? நான் ஒரு வாரம் பார்த்துவிட்டு, ஆங்கில ‘P’ எழுத்துக்குப் பக்கத்துச் சாவியிலிருந்த பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்கு இறக்கி, அந்த இடத்தை ‘ச’வுக்குக் கொடுத்துவிட்டேன்.